இல்லத்துக்கு வேலை வைக்காதீர்கள்

அலுவலகக் குழுவாகத் தொண்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

கம்பெனியில் தொண்டுக் குழு ஆரம்பித்திருக்கிறீர்கள், பத்திருபது பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். சனிக்கிழமை வீட்டில் படுத்துக் கிடக்கலாம். கிளம்புகிறீர்களே, அதுவே பெரிது. தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் நானும் இப்படிக் குழுக்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனவன்தான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு முதியோர் இல்லத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதனால் வேனிலிருந்து இறங்குகிறவர்களையும் எனக்குத் தெரியும்; வேன் வருகிறது என்றதும் உள்ளே என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

விடிகாலையிலேயே ஆயாக்கள் வராந்தாவைக் கழுவிவிடுவார்கள். குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தாத்தாவையும் குளிப்பாட்டி, சலவைச் சட்டை மாட்டி உட்கார வைப்பார்கள். நாற்காலிக்கும் மைக்குக்கும் மேலாளர் அலைவார். நீங்கள் கிளம்பிப் போனதும் காகிதத் தட்டையும் கேக் அட்டையையும் வெடித்த பலூனையும் பொறுக்குவது அதே ஆயாக்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அன்றைக்குத் துணி மாற்றுவது தள்ளிப்போகும். இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். கொடுக்க வந்தவர்களிடம் குறை சொல்வது எப்படி?

ஆகவே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. நீங்கள் வந்து போனதால் அங்கே ஒருவருக்காவது வேலை குறைந்ததா, கூடியதா?

1. முதல் தடவை வெறுங்கையோடு போங்கள்

குழுவில் இரண்டு பேர் மட்டும், ஒரு வேலை நாளில், போனில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பழமும் பிஸ்கட்டும் வேண்டாம். கையில் ஏதாவது இருந்தால் பேச்சு நன்றி சொல்வதிலேயே முடிந்துவிடும்.

போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு நாளில் உங்களுக்கு மிகவும் சிரமமான வேளை எது? வருகிறவர்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்து குவிப்பது எதை? எந்த மாதத்தில் கை கடிக்கும்? இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் சிரிப்பும் பிறகு உண்மையும் வரும். ஒரு இல்லத்தில் பீரோ நிறைய நோட்டுப் புத்தகம் இருக்கும்; கரண்ட் பில் கட்டப் பணம் இருக்காது. இன்னொன்றில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும். அவற்றைத் தள்ள ஆள் இருக்காது.

மேலாளரிடம் பேசியதோடு எழுந்துவிடாதீர்கள். சமையல்கட்டில் இருப்பவரிடமும் இரவு வேலை பார்க்கும் ஆயாவிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

2. பக்கத்தில் தேடுங்கள்

குழு சோழிங்கநல்லூரில் இருக்கும். தொண்டு செய்ய திருவள்ளூருக்கு அப்பால் ஒரு கிராமத்தைப் பிடித்திருப்பார்கள். போகவர நாள் முடிந்துவிடும். மூன்றாவது மாதம் ஆள் குறையும், ஐந்தாவது மாதம் வேன் நிற்கும். அலுவலகம் விட்டால் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடமாகப் பாருங்கள். கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றிப் பேசும் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவே, தொழில் நடக்கும் இடத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது.

செல்போனில் தேடினால் இணையதளம் வைத்திருக்கும் அமைப்புகள்தான் முதலில் வரும். பழைய இடங்கள் பல சத்தமில்லாமல் தெருமுனையில் இருக்கின்றன. ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம் 1782 பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியாகத் தொடங்கியது. அடையாறு அவ்வை இல்லத்தை முத்துலட்சுமி ரெட்டி 1930இல் ஆரம்பித்தார். உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஏதாவது இருக்கும். வார்டு கவுன்சிலரையோ அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையோ கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

3. பதிவைப் பார்க்க வெட்கப்படாதீர்கள்

காகிதத்தைக் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். ஒழுங்காக நடக்கும் இல்லத்துக்குக் காகிதத்தைக் காட்டுவதில் பெருமைதான். குழந்தைகள் இல்லம் என்றால் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். அறக்கட்டளை என்றால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்குவதாக இருந்தால் 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவம் கொடுத்துப் பதிவெண் பெற்றிருக்க வேண்டும். சிறிய இல்லம், நல்ல இல்லம், ஆனால் இந்தக் காகித வேலை தெரியாமல் தடுமாறுகிறது என்றால் உங்கள் முதல் தொண்டு அங்கேயே கிடைத்துவிட்டது. உங்கள் கணக்குப் பிரிவில் ஒருவரை அனுப்பி முடித்துக் கொடுங்கள்.

4. விசேஷ நாளை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், தலைவர்கள் பிறந்தநாள் என்றால் இல்லங்களில் வரிசை நிற்கும். காலையில் ஒருவர் இட்லியும் கேசரியும், மதியம் ஒருவர் பிரியாணி, மாலையில் ஒருவர் கேக். முதியோர் இல்லத்தில் சர்க்கரை வியாதி இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். இனிப்பைக் கண்ணெதிரே நீட்டிவிட்டு வேண்டாம் என்று தடுக்கும் பாவம் நர்ஸின் தலையில் விழும். அடுத்த வாரம் அதே இல்லத்தில் பருப்பு தீர்ந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமையைப் பிடியுங்கள். ஆடி மாதத்தைப் பிடியுங்கள். பள்ளி திறக்கும் ஜூனில் எல்லாரும் பை வாங்கிக் கொடுப்பார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் அந்தப் பையின் ஜிப் அறுந்திருக்கும்போது போய் நில்லுங்கள்.

சாப்பாடுதான் போடுவேன் என்றால் இல்லத்தின் சமையல்கட்டிலேயே, அவர்கள் சமையல்காரர் கையாலேயே சமைக்கச் சொல்லி மளிகைக்குப் பணம் கட்டுங்கள். உப்பு யாருக்குக் குறைக்க வேண்டும், சோற்றைக் குழைத்துத் தர வேண்டியது யாருக்கு என்று அவருக்குத் தெரியும். அலுவலக விருந்தில் மிஞ்சியதைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். சமைத்த உணவின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருக ஆரம்பிக்கும். மதியம் ஒரு மணிக்குத் திறந்த பாத்திரம் ஏ.சி. அறையில் கிடந்து ஐந்து மணிக்கு இல்லத்துக்குப் போவது தானமாகாது. மிஞ்சிய உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. அதைத் தெரிந்து செய்யும் அமைப்புகளிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

5. பழைய துணியைச் சலித்துக் கொடுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நாடு முழுக்க இருந்து லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரங்களில் குவிந்து மழையிலும் மண்ணிலும் கிடந்தது. அந்தக் கரையில் இருந்தவர்கள் வீடும் படகும் போனவர்கள்தான். அதற்கு முந்தின நாள் வரை உழைத்துத் தங்கள் காசில் துணி எடுத்தவர்கள். கிழிந்ததை உடுத்துவார்கள் என்று நினைத்தது யார் தப்பு?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வாங்குகிறவர்கள் அந்தப் பழமொழிப்படி வாயை மூடிக்கொள்வார்கள். ஆகவே பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டியது கொடுக்கிறவர்தான். அலுவலக வரவேற்பறையில் அட்டைப்பெட்டி வைத்து வந்ததையெல்லாம் வாங்கிக் கொட்டாதீர்கள். துவைத்ததா, பொத்தான் இருக்கிறதா, என்ன அளவு, யாருக்கு என்று குழுவே உட்கார்ந்து பிரித்துக் கட்டி, மேலே எழுதி ஒட்டிக் கொண்டுபோங்கள். பிரிக்கும் வேலை உங்களுடையது. தேறாததைக் கழித்துக் கட்டுவதும் உங்களுடையது.

6. படம் எடுக்கும் முன் சட்டத்தைப் படியுங்கள்

இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், பள்ளி, முகம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தையின் படத்தைக் கம்பெனிப் பக்கத்தில் போட்டுப் பெருமைப்படுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. படத்தில் இருக்கும் பெண் குழந்தைக்கு நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும், வேலைக்கு நேர்காணல் வரும். கை நீட்டி பென்சில் பெட்டி வாங்கின படம் அன்றைக்கு அவளுக்கு எதற்கு?

முதியோர் விஷயத்தில் இந்தப் பிரிவு பொருந்தாது, மரியாதை பொருந்தும். பிள்ளைகளுக்குத் தெரியாமல் வந்து தங்கியிருப்பவர்கள் உண்டு. நான் மகன் வீட்டில் இருக்கிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. கேட்டு, அவர் சரி என்றால் எடுங்கள். மேலிடத்துக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்றால் நீங்கள் வெள்ளையடித்த சுவரை, அடுக்கிய மளிகை அறையை, சீர்செய்த குழாயைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

7. உங்கள் கைக்குத் தெரிந்த வேலையைக் கொடுங்கள்

அலுவலகத்தில் உட்கார்ந்து படிவமும் கணினியும் பார்க்கிறவர்கள் தொண்டு என்றதும் துடைப்பத்தைத் தேடுகிறார்கள். பெருக்குவது நல்ல வேலைதான். ஆனால் உங்களிடம் இருக்கும் சரக்கு வேறு. அது இல்லங்களில் கிடைப்பது அரிது.

நவம்பர் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதற்கான வாழ்வுச் சான்றிதழை அந்த மாதம் கொடுத்தாக வேண்டும். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்ற முறையில் இணைய வழியாகவே கொடுக்கலாம். நடக்க முடியாத பாட்டியை ஆட்டோவில் ஏற்றி வங்கிக்குக் கூட்டிப்போகும் ஆயாவுக்கு அரைநாள் போகும். உங்களில் இரண்டு பேர் ஒரு மாலை வந்து உட்கார்ந்தால் அந்த இல்லத்தில் எல்லாருக்கும் முடிந்துவிடும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு என்று ஒன்று உண்டு. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிறவர்களுக்கானது. தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதில் மனத்திறன் கேள்விகள் 90, பாடக் கேள்விகள் 90. எண் வரிசை, விடுபட்ட உருவம், திசைக் கணக்கு. நீங்கள் வேலைக்குச் சேர எழுதிய திறனறித் தேர்வின் தம்பிதான் இது. வாரம் ஒரு மாலை, ஒரே பள்ளி, தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல்லிவிட்டுச் சொல்லிக் கொடுங்கள். கையில் பரிசுப்பொருள் எதுவும் வேண்டியதில்லை.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள். தேர்வு எழுதுபவரைவிடக் குறைந்த படிப்பு உள்ளவரே எழுதித் தர வேண்டும் என்ற விதி பல தேர்வுகளில் உண்டு. பி.இ. முடித்தவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். அதனால் முதலில் விதியைக் கேளுங்கள். தேர்வு வேலை நாளில் காலை பத்து மணிக்குத்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். விடுப்பு கிடைக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரிப்படாவிட்டால் பாடத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுங்கள். அதற்குக் கல்வித் தகுதி கேட்க மாட்டார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும், நிதானம் வேண்டும், அவ்வளவுதான்.

8. சுவருக்கு வண்ணம் அடிக்கும் ஆசை

பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது குழுக்களுக்குப் பிடித்த காரியம். ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும், படத்திலும் அழகாக வரும். ஆனால் மொட்டைமாடியில் நீர் ஒழுகி ஓதம் ஏறிய சுவரில் அடித்த பெயின்ட், அடுத்த மழைக்குள் உரிந்து பிள்ளைகளின் தலையில் விழும். ஒழுகலை முதலில் அடைக்க வேண்டும். பிறகு சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, கடைசியில்தான் வண்ணம். கூலிக்கு ஒரு பெயின்டரை அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் சொல்கிறபடி நீங்கள் கையாளாக நில்லுங்கள். அவருக்கும் நாள்கூலி கிடைக்கும், சுவரும் நிற்கும்.

9. குழந்தைகளிடம் வாக்குக் கொடுக்கும் முன் யோசியுங்கள்

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்கள் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். நீங்களும் அந்தப் பட்டியலில் சேராதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வரக்கூடியவர்களை மட்டும் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புங்கள். வரமுடியாதவர்களுக்கு மளிகை அறை, தோட்டம், கணக்கு நோட்டு என்று வேறு வேலை இருக்கிறது.

அம்மா எங்கே, அப்பா என்ன செய்தார் என்று கேட்கக்கூடாது. ஒரு குழந்தைக்கு மட்டும் தனிப் பரிசு கொடுக்கக்கூடாது. தனியறையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் இருக்கக்கூடாது. அது அந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. தவறாக ஏதாவது கண்ணில் பட்டால் குழுவுக்குள் குசுகுசுக்காமல் 1098 எண்ணுக்குச் சொல்லுங்கள். முதியவர் என்றால் 14567.

10. மரத்துக்கும் கடலுக்கும் பருவம் உண்டு

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். அன்றைக்குச் சென்னையில் கத்திரி முடிந்தும் வெயில் முடிந்திருக்காது. அந்த மண்ணில் கன்றை நட்டுவிட்டு வருகிறோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு வாட்ச்மேனுடையது. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்கிறது. ஐப்பசியில் நட்டால் வானமே உங்கள் தன்னார்வலர். புங்கன், பூவரசு, வேம்பு, நீர்மருது என்று நம் மண்ணின் மரமாகப் பாருங்கள். எத்தனை நட்டோம் என்று அறிக்கை எழுதும் தேதியை மூன்று கோடைகளுக்குப் பிறகு வையுங்கள். அன்றைக்கு நிற்பதை மட்டும் எண்ணுங்கள்.

கடற்கரை சுத்தம் செய்யப் போகிறவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஜாக்கிரதை. பங்குனி ஆமைகள் முட்டையிட மணலேறும் காலம் அது. மணலைக் கிளறிக் குப்பை தேடாதீர்கள். மேலே தெரிவதை மட்டும் பொறுக்குங்கள். ஊதா நிறப் பூவோடு படர்ந்து கிடக்கும் அடும்புக்கொடியைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். மணலைக் காற்றில் போகாமல் பிடித்துவைப்பது அதுதான். 1988 முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் ஆமை முட்டைகளைக் காக்க இரவில் நடக்கிறார்கள். பருவம் முழுக்க, ஒரே கரையில், விளக்கும் ஆரவாரமும் இல்லாமல். ஒரு சனிக்கிழமை இரவு அவர்களோடு நடந்து பார்த்தால் நான் இங்கே இத்தனை பக்கத்தில் சொல்வது ஒரே இரவில் புரியும்.

11. ரத்தத்தைத் தவணையாகக் கொடுங்கள்

நிறுவனர் நாளன்று ஒரே மூச்சில் இருநூறு பேர் ரத்தம் கொடுப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். சிவப்பணு 42 நாள்வரை தாங்கும். தட்டணுவின் ஆயுள் ஐந்தே நாள். டெங்குக் காலத்திலும் புற்றுநோய் வார்டிலும் தேவைப்படுவது அந்தத் தட்டணு. கல்லூரிகள் மூடியிருக்கும் மே மாதத்தில் முகாம்கள் குறைந்து ரத்த வங்கிகள் தவிக்கும். ஆகவே இருநூறு பேரை நான்காகப் பிரித்து, ரத்த வங்கியைக் கேட்டுத் தேதி வையுங்கள். ஒரு தேதி கோடையில் விழட்டும்.

வயது 18 முதல் 65, எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, பெண்களுக்கு 120. பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவர்கள் பொறுத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வரக்கூடாது. பரிசோதனையில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் ஏன் என்று சக ஊழியர் யாரும் கேட்கக்கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். அது அவருக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்க வேண்டிய விஷயம்.

12. வருகிறவர் மனதோடு வரட்டும்

தன்னார்வம் என்று பெயர் வைத்துவிட்டு வருகைப் பதிவு எடுக்காதீர்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்பது ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் ஏறுகிறது என்று ஒரு வதந்தி கிளம்பினாலும் போதும், குழு கெட்டது. வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண் சனிக்கிழமை வராததற்கு விளக்கம் சொல்லவேண்டியதில்லை. அவர் தினமும் செய்துகொண்டிருப்பதும் இதே வேலைதான்.

மேலதிகாரி வந்தால் ரிப்பன் வெட்ட வேண்டாம், அண்டா கழுவட்டும். அலுவலகத்தில் துப்புரவு செய்கிறவர்களையும் செக்யூரிட்டியையும் சாமான் தூக்க மட்டும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் குழுவில் ஒருவராகக் கூப்பிடுங்கள், அந்த நாளின் சம்பளம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லம் இருக்கும் தெருவிலேயே அவர்கள் குடியிருக்கலாம். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

13. சிறு பணம், மாதாமாதம்

அந்தக் காலத்தில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். பிடியரிசி என்று பெயர். வீட்டுக்கு அது தெரியாது, ஊருக்குச் சேர்த்துப் பார்த்தால் மூட்டை. சம்பளத்திலிருந்து மாதம் நூறு இருநூறு பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடும் அதே வழிதான். இல்லத்துக்கு இதன் அருமை தெரியும். ஒரேயடியாக ஒரு லட்சம் வந்தால் என்ன செய்வதென்று கூட்டம் போட வேண்டும். மாதம் எட்டாயிரம் நிச்சயம் என்றால் ஒரு ஆயாவின் சம்பளத்தில் பெரும் பகுதிக்கு நிம்மதி.

சம்பளத்துக்குக் கொடுக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. மின்விசிறியில் பெயர் எழுதலாம், ஆயாவின் மேல் பெயர் எழுத முடியாதே! நீங்களாவது கொடுங்கள். பெரியவர்களுக்கான டயாப்பர், கரண்ட் பில், கழிவுநீர் லாரி, இவற்றுக்கும் கொடுங்கள். வரிவிலக்கு எதிர்பார்க்கிறவர்கள் கவனிக்க: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் 80ஜி கழிவு கிடையாது, புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கும் கிடையாது.

14. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுங்கள்

கணக்கு எழுதினவன் என்பதால் சொல்கிறேன், எதை அளக்கிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஐம்பது பேர், நான்கு மணி நேரம், ஆக இருநூறு மணி நேரத் தொண்டு என்று எழுதுவார்கள். அந்த நேரத்துக்கு விலை போட்டு கம்பெனியின் இரண்டு சதவீதச் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்க்க முடியாது என்று மத்திய அரசு 2021இல் தந்த விளக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அந்தப் பெருக்கலால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, வந்தவர்கள், முடிந்த வேலை, முடியாமல் நின்ற வேலை, அடுத்த முறை கொண்டுவர வேண்டியது. ஐந்தே பத்தி. நோட்டு இல்லத்திலேயே இருக்கட்டும், கடைசிப் பத்தியை அவர்கள் எழுதட்டும். ஆண்டு முடிவில் அதைப் புரட்டினால் எந்த மாதம் உபயோகமாக இருந்தோம், எந்த மாதம் வேடிக்கை பார்த்தோம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

15. தொடர்வதற்கு ஏற்ற அளவில் தொடங்குங்கள், சொல்லிவிட்டு விலகுங்கள்

வள்ளலார் 1867இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. தினம் கொஞ்சம் விறகு, தினம் கொஞ்சம் அரிசி, யாரோ ஒருவர் முறை வைத்து நிற்பது. நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தது அந்த முறையால்தான். உங்களுக்கும் அதே கணக்கு. மாதம் ஒருமுறை நாற்பது பேர் போவதைவிட வாரம் ஒருமுறை நான்கு பேர் போவது இல்லத்துக்குத் தாங்கும், உங்களுக்கும் தாங்கும். பெயர் எழுதி முறை போடுங்கள். ஒருவருக்கு வேலை வந்தால் மாற்றாள் யார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கம்பெனி இடம் மாறும், புராஜெக்ட் முடியும், குழுத்தலைவர் பெங்களூர் போவார். விலகுவதில் குற்றமில்லை. சொல்லாமல் விலகுவதுதான் குற்றம். மூன்று மாதம் முன்பே இல்லத்தில் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் இன்னொரு கம்பெனியின் குழுவைக் கூட்டி வந்து அறிமுகம் செய்யுங்கள். நோட்டை அவர்கள் கையில் கொடுத்து இரண்டு வாரம் கூடவே வந்து பழக்கிவிடுங்கள். யாரும் அமையாவிட்டால், நீங்கள் செய்துவந்த வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள ஆறு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். அதுவரை அந்த வேலை உங்கள் பொறுப்புதான்.